உருவ வரைவுக்கு எந்தக் கருவி: குமரி மாவட்டத்து ஓவியர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் தக்கலைப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகளாகப் பென்சிலால் மனித உருவங்களை வரைந்து வந்தவர், அண்மைக் காலமாகக் கரித்துண்டு, கான்டே குச்சி (களிமண் கலந்து செய்த கெட்டியான வரைகுச்சி), சிவப்புச் சாக், தூரிகைப் பேனா என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பரிசோதித்து, வரைந்தவற்றை இணையத்தில் பகிர்ந்து வருகிறார். இத்தனை கருவிகளுள் எதில் நிலைப்பது என்பது அவருடைய முதல் கேள்வி. மழை மாதங்களில் கரி தாளில் சரியாகப் பிடிக்காமல் போவதும், கைப்பேசியில் எடுத்த படத்தில் கருமையெல்லாம் சாம்பல் நிறமாகிவிடுவதும் ஏன் என்பது இரண்டாவது. பென்சிலில் நுணுக்கமாக முடித்த முகங்களுக்குக் கிடைக்கும் பாராட்டு, கரியில் வரைந்த உடல்களுக்குக் கிடைக்காதபோது இந்தப் பரிசோதனைகளைப் பொதுவில் வைக்கத்தான் வேண்டுமா என்பது மூன்றாவது. கடற்கரையிலும் சந்தையிலும் கண்டு வரைந்தவர்களின் உருவங்களை வெளியிடலாமா, பழைய படங்களை நீக்கிவிடலாமா என்ற இரண்டையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

எதில் நிலைப்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து. அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: எதிரில் இருக்கும் உடல் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் என்பதுதான் உருவ வரைவில் கருவியைத் தீர்மானிக்கிறது. மேசையில் வைத்த பழமும் பானையும் நமக்காக நாள் முழுவதும் காத்திருக்கும். உடல் காத்திருப்பதில்லை. ஒரு காலில் எடையை ஊன்றி நிற்பவருடைய இடுப்பு சில நிமிடங்களிலேயே தளரத் தொடங்கிவிடும். ஓவியக் கல்லூரிகளில் அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம் என்று நிலைகளைப் படிப்படியாக நீட்டிக்கொண்டு போவதும், நீண்ட நிலையானால் இடையிடையே மாடலுக்கு ஓய்வு கொடுப்பதும் இதனால்தான். அரை நிமிட நிலைக்குப் பொருத்தமான கருவி, இருபது நிமிட நிலைக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் மாவட்டத்தில் காசு கொடுத்து மாடலை அமர்த்தி வரையும் வழக்கம் அநேகமாக இல்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வேலை செய்யும் உடல்கள் இங்கே எங்கும் கண்முன்னே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவில் நமக்கு நிலை கொடுக்கின்றன. கடப்புறத்தில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுப்பவர்களைப் பாருங்கள். குதிகால் மணலில் புதைந்திருக்க, உடல் பின்னோக்கிச் சாய்ந்து, குதிகாலிலிருந்து தோள் வரைக்கும் ஒரே சாய்கோடாக எடை இறங்குகிறது. அந்தச் சாய்வு சில வினாடிகள்தான் நிற்கும். பிறகு ஓரடி பின்வைத்து மறுபடியும் சாய்கிறார்கள். கூரிய பென்சிலோடு அங்கே போனால் ஒருவருடைய முதுகுக் கோட்டை முடிப்பதற்குள் வரிசையே மாறியிருக்கும். விரல் நீளக் கரித்துண்டைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் இழுத்தால், குதிகால் முதல் தோள் வரைக்குமான எடை அந்த ஒரு தடத்திலேயே தாளுக்கு வந்துவிடும். தலையையும் கயிற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு முற்றிலும் வேறு வகை. குலசேகரம், அருமனைப் பக்கங்களில் விடியலுக்கு முன்பே தலைவிளக்கோடு வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒட்டுக்கன்றிலிருந்து வளர்ந்த மரத்தில் முதல் வெட்டு ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டுவாய் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே புதிதாக வெட்டத் தொடங்கிய மரத்தில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பவர், பழைய பட்டையில் முழங்காலை மடக்கி, இடுப்பை ஒடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்கிறார். ஒரு மரத்தில் கண்ட நிலை அடுத்த மரத்திலும் அதற்கடுத்த மரத்திலும் திரும்ப வருவதால், முதல் மரத்தில் இடுப்பையும் முதுகையும், இரண்டாம் மரத்தில் கால்களையும், மூன்றாம் மரத்தில் கத்தி பிடித்த கையையும் ஒரே தாளில் சேர்த்துவிடலாம். மங்கிய வெளிச்சத்தில் உடலின் ஒரு பக்கம் மட்டுமே துலங்கும் அந்த வேளைக்குப் பழுப்புத் தாளும் கரியும் ஒரு வெள்ளைக் குச்சியும் போதும். தோவாளையில் பூக்கட்டுபவர்களோ மணிக்கணக்கில் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். தோளும் இடுப்பும் அசையாது, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கேதான் பென்சிலின் பொறுமைக்கு வேலை. கைகளைத் தனித்தாளில் பல முறை வரைந்து பழகிவிட்டு, உருவத்தில் கடைசியாகச் சேர்ப்பது நல்லது. ஆசானிடம் அனுமதி பெற்று அடிமுறை என்னும் நம் மரபுத் தற்காப்புக் கலைப் பயிற்சியைப் பார்க்க வாய்த்தால், தாழ்ந்து அமர்ந்த நிலைகளைத் தூரிகையும் மையும் கொண்டு வரைந்து பாருங்கள். எடை இரண்டு கால்களுக்கும் எப்படிப் பகிரப்படுகிறது என்பது தூரிகைக் கோட்டின் தடிமனிலேயே தெரிந்துவிடும்.

பரிசோதனை என்று நீங்கள் செய்துவருவதில் ஒரு மாற்றம் செய்யச் சொல்வேன். இப்போது நீங்கள் ஒரு நாள் கரியில் ஒரு முதியவரை வரைகிறீர்கள், மறுநாள் சிவப்புச் சாக்கில் ஒரு குழந்தையை வரைகிறீர்கள். தாளும் வேறு, அளவும் வேறு, நேரமும் வேறு. எது நன்றாக வந்தது என்று பார்க்கும்போது கருவியால் வந்ததா, தாளால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒரே நிலையை, ஒரே தாளில், ஒரே கால அளவில், குச்சியை மட்டும் மாற்றி வரையுங்கள். அடுத்த சுற்றில் குச்சியை மாற்றாமல் தாளை மட்டும் மாற்றுங்கள். வீட்டில் ஒருவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு சாய்ந்திருக்கும் நேரமே இதற்குப் போதும். யாருமில்லாவிட்டால் கண்ணாடியில் தெரியும் உங்கள் சொந்தத் தோளும் கழுத்தும் இருக்கின்றன.

இனிக் கருவிகள் செயல்படும் விதத்தைப் பார்க்கலாம். பென்சிலின் கிராஃபைட் தகடு தகடான படிகங்களால் ஆனது. தாளில் தேய்க்கும்போது அந்தத் தகடுகள் தட்டையாகப் படிந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. 6பி, 8பி என்று எவ்வளவு மென்மையான பென்சிலை எடுத்து எத்தனை முறை அழுத்தினாலும், ஓர் எல்லைக்கு மேல் கருமை கூடாமல் பளபளப்பு மட்டும் கூடுவது இதனால்தான். போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து நல்ல கிராஃபைட் வராமல் நின்றபோது, பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா ஜாக் கான்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு கலந்து சூளையில் சுட்டு 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினமும், குறைந்தால் மென்மையும் கருமையும் கிடைக்கும் என்ற அந்த முறைதான் இன்றைய எச்பி, 2பி, 4பி வரிசைக்கெல்லாம் அடிப்படை. உங்கள் பெட்டியில் இருக்கும் கான்டே குச்சியும் அவர் பெயரால் வழங்குவதே. பென்சில், மணிக்கட்டின் அசைவுக்கு ஏற்ற கருவி. ஏ4 அளவுக்குள் முகத்தையும் கையையும் அது சிறப்பாகச் சொல்லும். ஏ2 தாளில் முழு உருவத்தை நிரப்பப் போனால் உங்கள் நேரம் முழுவதும் நிழலை நிரப்புவதிலேயே போய்விடும்.

கரியின் துகள்கள் ஒழுங்கற்றவை, நுண்துளைகள் நிறைந்தவை, ஒளியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே அதன் கருமையில் பளபளப்பு இல்லை. சுள்ளியைச் சுட்டுச் செய்த கரியில் பசை எதுவும் இல்லாததால் அது தாளின் சொரசொரப்பில் தொற்றிக்கொண்டு மட்டுமே நிற்கும். துணியால் தட்டினால் பெரும்பகுதி போய்விடும். தொடக்கத்தில் இதுவே பெரிய வசதி. தோள் தவறான இடத்தில் விழுந்தால் தட்டிவிட்டு மறுபடியும் வைக்கலாம். கம்ப்ரஸ்டு சார்கோல் எனப்படும் அழுத்திய கரியிலும் கரிப் பென்சிலிலும் பசை சேர்ந்திருப்பதால் கருமை அதிகம், எளிதில் அழியாது. சுள்ளிக் கரியில் உருவத்தை அமைத்துவிட்டு, கழுத்தடி, அக்குள், உடைமடிப்பின் உள்பக்கம் போன்ற ஆழமான இடங்களுக்கு மட்டும் கடைசியில் அழுத்திய கரியைத் தொடுவது நல்ல வரிசை. முதலில் பென்சிலால் வரைந்துகொண்டு அதன்மேல் கரி பூசும் பழக்கம் உங்களுக்கு இருப்பது படங்களில் தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். கிராஃபைட் படிந்த இடம் வழுவழுப்பாகிவிடுவதால் கரி அங்கே ஒட்டாது. நீங்கள் சொன்ன திட்டுத்திட்டான வெளிறலில் ஒரு பாதி அதனால் வந்தது.

வரைகரியைக் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஐரோப்பியர்கள் வில்லோ மரச் சுள்ளியையும் திராட்சைக் கொடியையும் பயன்படுத்தினார்கள். காளஹஸ்திக் கலம்காரி ஓவியர்கள் துணியில் முதல் கோட்டைப் புளியஞ்சுள்ளிக் கரியால்தான் போடுகிறார்கள். புளி நம் ஊரில் தேடிப் போக வேண்டிய மரமா என்ன? பென்சில் பருமனுள்ள நேரான புளியஞ்சுள்ளிகளை வெட்டி, பட்டையை உரித்து, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளை உலர்ந்த மணலால் நிரப்பினால் சுள்ளிகள் வளையாமல் இருக்கும். மூடியில் ஆணியால் சிறு துளை ஒன்று போட்டு, டப்பாவைத் தணலில் வையுங்கள். முதலில் அந்தத் துளை வழியாக நீராவியும் பிறகு புகையும் வரும். அந்தப் புகை தீப்பற்றித் துளை வாயில் சிறு சுடராக எரிவதும் உண்டு. புகை முற்றிலும் நின்ற பிறகு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, முழுவதும் ஆறும் வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்ட மாத்திரத்தில் கரி கனன்று சாம்பலாகிவிடும். சரியாக வெந்த துண்டு ஒடிக்கும்போது சலங்கென்று ஒலிக்கும், உள்ளே நடு வரை ஒரே கருப்பாக இருக்கும். பழுப்புத் தெரிந்தால் வேக்காடு போதவில்லை. சிரட்டைக் கரியை வைத்து முயன்றதாக எழுதியிருந்தீர்கள். அது மிகவும் அடர்த்தியானது, கடினமானது. தாளைக் கீறும், படியாது. சலவைப் பெட்டிக்கும் வடிகட்டிக்கும் அது உகந்தது.

சிவப்புச் சாக்கைப் பற்றி எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இரும்பு ஆக்சைடு கலந்த இயற்கையான செம்மண் கல்லைச் செதுக்கித்தான் ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். லியோனார்டோ டா வின்சி 1490-களில் தம் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் வரும் இயேசுவின் சீடர் உருவங்களுக்கான பயிற்சி வரைவுகளை அதில் செய்திருக்கிறார். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் மண்டபத்துக் கூரைக்காக ஏறத்தாழ 1510-இல் வரைந்த லிபியத் தீர்க்கதரிசினியின் முதுகு, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுத் தசைகள் தோள்பட்டையின் கீழ் எப்படி மடங்கித் திரும்புகின்றன என்பதை அந்த ஒரு தாளில் கற்றுக்கொள்ளலாம். அந்தச் சிவப்பு, கரியைப் போலப் படத்தைக் கனக்கச் செய்யாது. நிழலிலும் தோலின் சூடு இருந்துகொண்டே இருக்கும். அதன் குறை, எளிதில் அழியாது என்பதுதான்.

நம் மாவட்டத்தின் செம்மண்ணும் அதே இரும்பு ஆக்சைடால் சிவந்தது. மண்ணை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, பருமணல் அடியில் தங்கச் சிறிது நேரம் விட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்ளுங்கள். இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்து, கடைசிக் கலங்கலை ஓரிரவு தெளியவிட்டால் அடியில் வெண்ணெய் போன்ற மென்மண் படியும். அதில் நீர்த்த கருவேலம்பிசின் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக உருட்டி நிழலில் உலர்த்த வேண்டும். பிசின் கூடினால் குச்சி தாளில் வழுக்கும். குறைந்தால் விரலிலேயே உதிரும். அளவைக் கையால் கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கலவையிலும் ஒரு குச்சியை எடுத்துக் கலவை விகிதத்தைத் தாளில் எழுதி அதிலேயே தடவி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஆக்சைடு வெயிலில் வெளிறாத நிறமி என்பதால் படம் நீடித்து நிற்கும்.

நீங்கள் செய்துவரும் பழுப்புத் தாள் பரிசோதனையைத் தொடருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஓவியர் வாட்டோ, நிறத்தாளில் சிவப்பு, கருப்பு, வெள்ளை ஆகிய மூன்று சாக்குகளைக் கொண்டு உருவங்களை வரைந்தார். அந்த முறை நம்மவர்களின் தோலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் அனுபவம். வெள்ளைத் தாளில் வெளிர்ந்த தோலை வரையக் கற்பிக்கும் பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள், கடலில் உழைத்துக் கறுத்த ஒரு முதுகை வரையும்போது முழு உடலையும் நிழலாகக் கருதி நிரப்பிவிடுகிறார்கள்; வடிவம் தட்டையாகிவிடுகிறது. கருந்தோலில் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான படிநிலைகளைவிட, எலும்பு மேட்டிலும் வியர்வையிலும் பளிச்சிடும் ஒளிப்புள்ளிகள்தான் வடிவத்தைச் சொல்கின்றன. தாளின் பழுப்பையே தோலின் நடுநிறமாக விட்டுவிட்டு, நிழலைக் கரியால் அமைத்து, தோள்பட்டை முனையிலும் முதுகெலும்பின் ஓரத்திலும் வெள்ளையைக் கஞ்சத்தனமாகத் தொட்டுப் பாருங்கள். வெள்ளையும் கரியும் ஒன்றோடொன்று கலந்தால் நீலம் பாய்ந்த சாம்பல் வரும், தோல் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் தாள் தெரிய வேண்டும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இதற்கு உதவாது, ஊதினாலே போய்விடும். பொருள் கட்டும் பிரவுன் தாள் பயிற்சிக்கு நல்லது. ஆனால் நாளடைவில் கறுத்து ஒடியும். வைத்திருக்க விரும்பும் படத்துக்குக் கனமான கார்ட்ரிஜ் தாளில் நீர்வண்ணத்தின் பழுப்பை ஒரே சீராகப் பூசி உலர்த்தி, அதன்மேல் வரையுங்கள்.

மையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் உங்கள் கை ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. தூரிகைப் பேனாக்கள் பலவற்றில் இருப்பது சாய மை. ஈரம் பட்டால் பரவும், வெளிச்சத்தில் வெளிறும். வாங்கும்போது நிறமி மையா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் இந்தியன் இங்க்கைத் தூரிகையில் தொட்டு வரையுங்கள். வான் கோ 1888-இல் ஆர்ல் ஊரில் நாணலைச் சீவிப் பேனாவாக்கி வரைந்தார். தென்னை ஈர்க்கிலின் அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவினால் அதற்கு நெருக்கமான, மை தீரத் தீர மெலியும் கோடு கிடைக்கும். கோட்டினாலேயே உடலின் கனத்தைச் சொல்வதற்கு நம்மிடையே இருந்த பெரிய எடுத்துக்காட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம்; 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் ஒரு தோளுக்கு எத்தனை கோடுகள் செலவாகியிருக்கின்றன, எங்கே கோடு நின்றுவிடுகிறது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

மழைக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே அரிது. தாள் என்பது செல்லுலோஸ் இழை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், மென்மையாகும், அலையலையாக எழும். சொரசொரப்பு தளர்ந்துவிட்டதால் கரித்துண்டு அதைச் சுரண்டிப் பற்ற முடியாமல் வழுக்கும், அழிப்பான் தாளையே உரித்தெடுக்கும். செய்தித்தாள் அச்சடிக்கும் நியூஸ்பிரிண்ட் தாளில் இது மிக அதிகம். மேலும் மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் அப்படியே இருப்பதால் ஒளியில் மஞ்சளித்துவிடும். இரண்டு நிமிட வரைவுகளுக்கு அதை வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் மற்றவற்றுக்கு 150 ஜிஎஸ்எம்-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத தாளை எடுங்கள். வரைவதற்கு முன் தாளைக் கெட்டியான பலகையில் நான்கு பக்கமும் நாடா ஒட்டி இறுக்கிவிடுவதும், அன்றைக்கு வேண்டிய தாள்களை மட்டும் வெளியே எடுத்து, மற்றவற்றைச் சிலிக்கா ஜெல் பொதிகளோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதும் பெரிய வித்தியாசத்தைத் தரும். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குக் காற்றில் வரும் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு தானே ஈரத்தை இழுக்கும். முடிந்த படங்களை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, தரையிலிருந்து உயர்த்திப் படுக்கையாக வையுங்கள். பூஞ்சைப் புள்ளி ஒரு தாளில் கண்டால் அதை உடனே பிரித்துவிட வேண்டும்.

கரி உதிராமல் இருக்கப் படத்தின்மேல் ஃபிக்சேட்டிவ் தெளிப்பதில் ஒரு எச்சரிக்கை. அது ஆல்கஹால் போன்ற விரைந்து ஆவியாகும் திரவத்தில் கரைத்த பிசின். ஆவியாகும்போது தாளின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, கருமையின்மேல் வெண்படலம் போர்த்திவிடும். மழை வெறித்த நண்பகலில், வீட்டுக்கு வெளியே, ஒரு கை நீளத் தொலைவிலிருந்து மெல்லியதாக இரண்டு முறை தெளிப்பது ஒரே முறை நனைப்பதைவிட நல்லது. தெளித்த பின் வெள்ளைச் சாக் மங்கும் என்பதால், தெளித்து முடித்த பிறகே கடைசி ஒளிப்புள்ளிகளை வையுங்கள். தலைமுடிக்கான ஸ்பிரேயைத் தெளிக்கும் வழக்கம் மலிவானது, ஆனால் காலப்போக்கில் மஞ்சளிக்கும்.

படம் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் கைப்பேசியின் தானியங்கி ஒளி அளவு. கேமரா எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தர வெளிச்சம் உள்ளது என்று கொண்டு கணக்கிடுகிறது. வெள்ளைத் தாள் நிறைந்திருந்தால் அதை மங்கச் செய்கிறது, கரி நிறைந்திருந்தால் கருமையை வெளுக்கச் செய்கிறது. திரையில் தாளின் மேல் தொட்டு, ஒளி அளவைக் கையால் ஏற்றி இறக்கி, உண்மைத் தாளை அருகில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். நேர் வெயில் படாத சன்னலருகில் அல்லது திண்ணையில் படத்தைச் சுவரில் சாய்த்து, ஒளி பக்கவாட்டிலிருந்து 45 பாகையில் விழும்படி வைத்து, சற்று விலகி நின்று ஜூம் செய்து எடுங்கள். மிக அருகில் எடுத்தால் ஓரங்கள் வளைந்து, உருவத்தின் தலை கால் அளவுகள் பிசகும். பென்சில் படத்தின் பளபளப்பு ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. படத்தைச் சிறிது திருப்பினாலே போய்விடும். கரிப் படத்தை ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டாம். கண்ணாடியில் கரி ஒட்டும், படமும் கலையும்.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் படம் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்பட்டு, உள்ளங்கை அளவுத் திரையில் நொடிப்பொழுதில் கடந்துபோகிறது. ஏ4 பென்சில் முகம் அந்தச் சுருக்கத்தைத் தாங்கும், இன்னும் கூர்மையாகவே தோன்றும். தோளிலிருந்து கையை வீசி ஏ2 தாளில் இழுத்த கரித்தடமோ அதே சுருக்கத்தில் அழுக்குப் போலத் தெரியும். நேரில் பார்ப்பவர் உணரும் அளவும் வேகமும் அதில் வந்து சேர்வதில்லை. பாராட்டின் எண்ணிக்கை பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தைத் தாங்கும் திறனைத்தான் அளக்கிறது. அதைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டுக்குள் நீங்கள் முழு உடலை விட்டுவிட்டு முகங்களுக்குள் ஒதுங்கிவிடுவீர்கள் என்பது என் கவலை, ஏனெனில் உங்களுடைய கரி உடல்களில் எடை இருக்கிறது; அது எல்லோருக்கும் கைவருவதில்லை.

ஆகவே பரிசோதனைகளைப் பொதுவில் வையுங்கள், ஆனால் தனித்தனியாக வைக்காதீர்கள். ஒரே நிலையைப் பென்சில், கரி, சிவப்பு, மை ஆகியவற்றில் வரைந்த நான்கையும் ஒரே பதிவில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றின் கீழும் கருவி, தாள், அளவு, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். முழுப் படத்தோடு, ஒரு தோள் அல்லது ஒரு முழங்காலின் அண்மைப் படத்தையும் சேருங்கள். கரியின் துகள் தாளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதில் தெரியும். பெரிய படமானால், கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் அளவைச் சொல்லிவிடும். மலிவான தாளில் இன்ன கரி பிடிக்கவில்லை என்ற செய்தி, மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு முடித்த முகத்தைவிட அதிகம் உதவும். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால், எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை அவருடையது, அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

நேரில் கண்டு வரைந்தவர்களைப் பற்றிய கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. வரைவதற்கும் வெளியிடுவதற்கும் இடையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பொது இடத்தில் முகம் தெரியாத சாய்வையும் முதுகையும் வரைந்து வெளியிடுவதில் யாருக்கும் சங்கடமில்லை. முகம் அடையாளம் தெரிந்தால், படத்தை அவரிடமே காட்டி, இணையத்தில் போடலாமா அண்ணே, போடலாமா அக்கா என்று கேட்டுவிடுங்கள். மீன் விற்கும் பெண்கள் காட்டச் சொல்லி ஆர்வமாகப் பார்ப்பார்கள். மூக்கு சரியில்லை என்று திருத்தமும் சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படம் உங்கள் ஏட்டிலேயே இருக்கட்டும். முக்கடலில் குளிப்பவர்களை, அவர்கள் அறியாமல் வரைந்து வெளியிடக் கூடாது. குழந்தைகளானால் பெற்றோரைக் கேட்காமல் வரைவதையே தவிர்க்கலாம். ஆடையற்ற உருவ ஓவியங்களை இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விதிகள் கலைப்படைப்பு என்ற அளவில் அனுமதிக்கின்றன. என்றாலும் நிலை கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரரானால் அந்த விதி அவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அவருடைய சம்மதம் வரைவதற்கு ஒன்று, வெளியிடுவதற்கு வேறொன்று என இரண்டாகக் கேட்கப்பட வேண்டும்.

பழைய படங்களை நீக்க வேண்டாம். முகத்தை வெளியிட யாராவது மறுத்திருந்தால் மட்டும் அவற்றை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குக் கருவி, தாள் விவரங்களை இப்போது நினைவிலிருந்து எழுதிச் சேருங்கள். மூலப் படங்களின் பின்பக்கத்திலும் அதே விவரத்தைத் தேதியோடு மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனா மை மழைக்கால ஈரத்தில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.